ரோஹிணிக்குத் தோற்கத் தெரியவில்லை

டெல்லி துவாரகாவில் சர்வகுண் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். மே மாதத்தில் கூட உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அங்கே பட்டம் கொடுப்பதை யாரும் பெரிய காரியமாக நினைப்பதில்லை. பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கும். சர்வகுண், பேட்ஜ் கொடுக்கும்.

பேட்ஜ் என்றால் சட்டையில் குத்திக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. செல்போனில் வருவது. வட்டமாக, பளபளவென்று, நடுவே ஒரு படத்தோடு இருக்கும். வெறும் மார்க்கைப் பார்த்தால் ஒரு பிள்ளை படித்திருக்கிறான் என்பது மட்டும்தான் தெரிகிறது, அவனுடைய மற்றத் திறமைகள் உலகத்துக்குத் தெரியவேண்டாமா என்று துணைவேந்தர் சச்தேவா ஒருநாள் யோசித்தார். மறுநாளே ஒரு துறை உண்டாகிவிட்டது. துறை உண்டானால் அதற்கு ஓர் இயக்குநர் வேண்டும். அவரும் உண்டானார்.

முதல் நாளே, பேட்ஜ்களைப் பற்றி விளக்கும் கூட்டம் என்று மாணவர்களை அரங்கில் உட்காரவைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டார்கள். கடைசிவரை இருந்தவர்களுக்கு ‘ஆழ்ந்து கேட்டல்’ பேட்ஜ் வந்தது. தூங்கியவர்களுக்கும் வந்தது. பாத்ரூம் போகவேண்டும் என்று கதவைத் தட்டிய பையனுக்கு ‘முன்முயற்சி’ கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் ரோஹிணியும் இருந்தாள். எம்.எஸ்ஸி. புள்ளியியல் மாணவி. அப்பா சேஷன் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். மேலதிகாரி தும்மினால்கூட, தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்ளும் சாது மனுஷர். மகளுக்கு ஒவ்வொரு பேட்ஜாக வர வர அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் தெரிந்தவர்களை நிறுத்தி, போனைக் காட்டினார்.

“ரோஹிணிக்கு ‘குழுவாகச் செயல்படுதல்’ வந்துடுத்து சார்.”

“ஆத்துல ஒரு டம்ளரை எடுத்து ஸிங்க்ல போடமாட்டா. குழுவாமே” என்றாள் அவர் மனைவி ராஜலக்ஷ்மி.

கையெழுத்துப் போட்டால் ஒன்று, போடாமல் விரல் வைத்தால் ஒன்று, கான்டீனில் வரிசையில் நின்றால் ‘சமூகப் பொறுமை’, வரிசையைத் தாண்டிப் போனால் ‘தலைமைப் பண்பு’ என்று ரோஹிணியின் போன் நிரம்பி வழிந்தது. புள்ளியியல் தெரியும் என்பதற்கு மட்டும் பேட்ஜ் கிடையாது. கேட்டதற்கு, அது திறன் அல்ல, பாடம் என்று பதில் வந்தது.

பாடத்தில் அவள்தான் முதல். அதனால் படிப்பு முடியும் முன்பே குருகிராமில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. எந்த வயதுக்காரர்கள், எந்த ஊரில், எதனால் சாகக்கூடும் என்று கணக்குப் போடும் வேலை. ரோஹிணிக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரிக் கேள்விகளில் ஆசை அதிகம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். இப்போது அதற்கே சம்பளம் என்றால் விடுவாளா? சேஷனோ அடுத்த மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணவேண்டும். இந்த வேலையை நம்பித்தான் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை முதல் தேதி சேரவேண்டும். படிப்பை முடித்ததற்கு ஒரு ப்ரொவிஷனல் சர்டிபிகேட் மட்டும் கொண்டு வாருங்கள் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்தபோது திரையில் ஒரு வாசகம் வந்தது. “உங்கள் குணநலன் இன்னும் முழுமையடையவில்லை.”

எல்லாப் பேட்ஜும் தங்க நிறத்தில் மின்ன, ஒன்றே ஒன்று மட்டும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. படத்தில் ஒரு ரப்பர் பந்து. கீழே, ‘ரெஸிலியன்ஸ் - விழுந்து எழுந்திருக்கும் திறன்’ என்று எழுதியிருந்தது. ஒரு பாடத்திலாவது தோற்று, மீண்டும் எழுதிப் பாஸானவர்களுக்கு உரியது.

ரோஹிணி எதிலும் தோற்றதில்லை.

வகுப்புத் தோழன் ஆல்பர்ட்டுக்குப் போன் செய்தாள். அவன் முதல் செமஸ்டரில் நிகழ்தகவில் ஃபெயிலாகி, அப்புறம் தட்டுத்தடுமாறித் தேறியவன். அவனிடம் ரப்பர் பந்து இருந்தது.

“எல்லாத்துலயும் பாஸாகாதேன்னு அப்பவே சொன்னேன்ல” என்றான் ஆல்பர்ட். “நீ எங்க கேக்குற.”

அடுத்த நாள் சேஷன் லீவு போட்டுவிட்டு மகளோடு துவாரகாவுக்குப் போனார். திறன் அங்கீகாரத் துறை இயக்குநர் டாக்டர் வைத்தி கும்பகோணத்துக்காரர். தமிழ்க் குரலைக் கேட்டதும் எழுந்து வந்து வரவேற்றார். அவருக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் அவருடைய பேட்ஜ்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

“உக்காருங்கோ சார். மினிஸ்ட்ரில இருக்கேளா? அச்சா அச்சா.” ரோஹிணியின் பதிவைத் திறந்து பார்த்தவர் முகம் வாடிப்போனது. “என்னம்மா இது? ஒரு செமஸ்டர்ல கூடவா கோட்டை விடல?”

“இல்ல சார்.”

“இன்டர்னல் டெஸ்ட்? அசைன்மென்ட்? எதாவது ஒண்ணு?”

“இல்ல சார்.”

வைத்தி சேஷனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கண்டிப்பு இருந்தது. சேஷன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“நாங்கதான் கவனிச்சிருக்கணும் சார். ஆபீஸ் வேலைல விட்டுட்டேன்.”

“உங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார். பழைய காலத்துப் பேரன்ட்ஸ், குழந்தை ஜெயிச்சா போறும்னு இருந்துடறா. இன்னிக்கு இண்டஸ்ட்ரி என்ன கேக்கறது தெரியுமோ? தோத்தவா வேணும்னு கேக்கறது. என்னையே எடுத்துக்கோங்கோ. மூணு யுனிவர்சிட்டிலேர்ந்து என்னை அனுப்பிச்சா. ஒவ்வொரு தடவையும் பெரிய போஸ்ட்டுக்கு வந்தேன். நாலாவதும் அனுப்பிச்சா நான் வைஸ் சான்ஸலர்தான்.”

“கம்பெனில பேட்ஜ் கேக்கல சார்” என்றாள் ரோஹிணி. “டிகிரி சர்டிபிகேட் மட்டும்தான் கேட்டா.”

“அவாளுக்குத் தெரியாதும்மா. தெரியாதவாளுக்குச் சேத்துத்தான் நாம செய்யறோம். இந்தத் துறை வந்தப்புறம் பாடம் நடத்தறவா பாதியா கொறஞ்சுட்டா, பேட்ஜ் கொடுக்கறவா ரெண்டு மடங்கு ஆயிட்டோம். தட் இஸ் த ஃப்யூச்சர்.”

சேஷன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இப்போ குழந்தை என்ன பண்ணணும் சார்?”

“தோக்கணும்.”

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘தோல்வி வாய்ப்புத் தேர்வு’ என்று பெயர். ஆனால் ஒரு நிபந்தனை. வேண்டுமென்றே தப்பாக எழுதக்கூடாது. எழுதினால் ‘நேர்மை’ பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் அதற்கும் சேர்த்து சர்டிபிகேட் நிற்கும். மனப்பூர்வமாக முயற்சி செய்து, உண்மையாகவே தோற்கவேண்டும். புள்ளியியலில் அது நடக்கிற காரியம் இல்லை என்பதால், அவளுக்குப் பெட்ரோலியப் பொறியியலில் பரீட்சை வைப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ராஜலக்ஷ்மி மலை மந்திருக்குப் போய் மகள் பேருக்கு அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

“குழந்தைக்குப் பரீட்சை. எப்படியாவது ஃபெயிலாகணும்னு வேண்டிக்கோங்கோ.”

குருக்கள் கோத்திரத்தை இன்னொரு முறை கேட்டார். நட்சத்திரத்தையும் கேட்டார். பிறகு, “என்ன ஆகணும்னு சொன்னேள் மாமி?” என்றார். ராஜலக்ஷ்மி மறுபடியும் சொன்னாள். முருகனிடம் இப்படி ஒரு விண்ணப்பம் அதுவரை வந்ததில்லை போலிருக்கிறது. அவர் சந்நிதிக்குள் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றுவிட்டு வந்தார்.

பரீட்சை ஹாலில் ரோஹிணி ஒருத்திதான். கண்காணிக்க நாலு பேர். எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு எழவும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது நேர்மையில்லை என்று தோன்றியதால் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் எழுதி, மீதியை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு, மிகுந்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தாள். சேஷன் பால்கோவா வாங்கிவைத்திருந்தார்.

ரிசல்ட் வந்தது. ஏ க்ரேடு.

கூடவே புதிதாக ஒரு பேட்ஜ். ‘சுருங்கச் சொல்லும் திறன்.’

விஷயம் என்னவென்றால், பல்கலைக்கழகத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் குழு ஒன்று வரவிருந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும். ஆகையால் போன வருஷத்திலிருந்தே யாரையும் ஃபெயில் பண்ணுவதில்லை என்று துணைவேந்தர் உத்தரவு. மார்க் குறைந்தால் கம்ப்யூட்டர் தானாகவே தூக்கிவிடும். ஆல்பர்ட் அதற்கு முன்பே தோற்றுக்கொண்ட புத்திசாலி.

“உனக்கு நெஜமாவே தோக்கத் தெரியலம்மா” என்றார் வைத்தி, வருத்தத்தோடு. “எதாவது போட்டில கலந்துக்கோயேன். அதையும் பரிசீலிக்கலாம்.”

பல்கலைக்கழகப் பாட்டுப் போட்டியில் பெயர் கொடுத்தாள். ரோஹிணி பாடினால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் எழுந்து வேறு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று குடும்பமே நம்பியது. அவள் பாடி முடித்ததும் நடுவர்கள் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பிறகு எல்லோருக்கும் முதல் பரிசு என்று அறிவித்தார்கள். மாணவர்களின் மனநலத்தை முன்னிட்டு, வளாகத்தில் இனி யாரும் தோற்றவராக அறிவிக்கப்படக்கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை. அதிலும் சச்தேவாவின் கையெழுத்துதான்.

தோற்றவர்களுக்குத்தான் சர்டிபிகேட், யாரும் தோற்கவும் கூடாது என்கிற இரண்டு சுற்றறிக்கைகளையும் சேஷன் வீட்டு மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு மரியாதை பொங்கியது.

“எங்க மினிஸ்ட்ரில இந்த மாதிரி நடக்கணும்னா ரெண்டு டிபார்ட்மென்ட் வேணும். நடுவுல சண்டை வேற போடணும். இங்க ஒரே மனுஷர் தனியா பண்ணிடறார் பாரு.”

“அப்பா, ப்ளீஸ்” என்றாள் ரோஹிணி. அவளுக்கு அழுகை வந்தது.

கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்த அபூர்வா நல்ல பெண். சென்னைக்காரி. இரண்டு வாரம் தவணை வாங்கிக் கொடுத்தாள். “எங்களுக்கு பேட்ஜ் எதுவும் வேணாம் ரோஹிணி. படிச்சு முடிச்சிட்டீங்கன்னு ஒரே ஒரு பேப்பர். அது இல்லாம சிஸ்டம்ல உங்களை ஏத்த முடியாது.” அந்த இரண்டு வாரமும் போயிற்று. வருந்துகிறோம் என்று ஆரம்பித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரோஹிணி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தை மீறி அழுகை வெளியே கேட்டது. ராஜலக்ஷ்மி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, தட்டவும் மனமில்லாமல், நகரவும் மனமில்லாமல் இருந்தாள்.

ஆத்திரம் தாங்காமல் ரோஹிணி அந்த மின்னஞ்சலை அப்படியே வைத்திக்கு அனுப்பினாள். மேலே ஒரு வரி எழுதினாள்: “உங்களால் என் வேலை போய்விட்டது.”

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

“கங்கிராஜுலேஷன்ஸ்மா” என்றார் வைத்தி. குரல் தழுதழுத்தது. “ஒரிஜினல் தோல்வி. மூன்றாம் தரப்பு ஊர்ஜிதம் பண்ணினது. இந்த மாதிரி எவிடன்ஸ் எங்களுக்கு வந்ததே இல்ல. கமிட்டி உடனே பாஸ் பண்ணிடுத்து.”

போனில் சாம்பல் நிறப் பந்து தங்க நிறமாக மாறித் துள்ளியது. பின்னாலேயே ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டும் வந்து விழுந்தது.

“சார், நான் விழுந்துதான் கெடக்கேன். இன்னும் எழுந்திருக்கலையே.”

“விழுந்ததுக்குத்தாம்மா நாங்க எவிடன்ஸ் கேக்கறது. எழுந்திருக்கறது உன்னோட பர்சனல்.”

ரோஹிணி சர்டிபிகேட்டை அபூர்வாவுக்கு அனுப்பினாள். ஆனால் அந்த இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த ஆளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அது ஆல்பர்ட். அவன் அன்று சாயங்காலமே ஆர்.கே.புரம் வந்துவிட்டான். “நான் வேணாம்னு சொல்லிரட்டா?” என்றான். “போடா லூஸு” என்றாள் ரோஹிணி. ராஜலக்ஷ்மி அவனுக்குக் காபி கொடுத்தாள். பாவம், அந்தப் பையன் என்ன பண்ணுவான்.

அபூர்வா மட்டும் கைவிடவில்லை. “ஜனவரில இன்னொரு பேட்ச் எடுக்கிறாங்க. ஆனா ஒருதடவை ஆஃபர் கேன்ஸலானவங்களைத் திரும்ப எடுக்கணும்னா காரணம் வேணும். தாமதம் எங்க தப்பு, மாணவி தப்பில்லைன்னு யுனிவர்சிட்டி ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போதும். நான் பேசிடறேன்.”

இரண்டு வரி. அதற்காக ரோஹிணி ஆகஸ்டு முழுக்க துவாரகாவுக்கு மெட்ரோவில் போய்வந்தாள். பல்கலைக்கழகம் தப்பு செய்வதற்கு விதிகளில் இடமில்லை என்றார்கள். இதற்கிடையில் ஆண்டறிக்கை வெளியானது. அதில் ‘வளாகத்திலேயே வேலை பெற்றவர்கள்’ எண்ணிக்கையில் ரோஹிணி ஒரு முறையும், ‘வேலையை இழந்தும் மனம் தளராதவர்கள்’ எண்ணிக்கையில் இன்னொரு முறையும் சேர்க்கப்பட்டிருந்தாள். புள்ளியியல் படித்தவள் என்பதால் அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

பட்டமளிப்பு விழாவில் ‘தோல்வியே என் ஆசான்’ என்ற தலைப்பில் அவள் பேசவேண்டும் என்று வைத்தி அழைத்தார். ரோஹிணி உடனே ஒப்புக்கொண்டாள். அவளுடைய திட்டம் எளிமையானது. அறைக்குள் கேட்டால் தரமாட்டார்கள். ஊர் பார்க்கக் கேட்டால் சச்தேவாவால் மறுக்கமுடியாது.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. சேஷன் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரோஹிணி ஹிந்தியில் பேசினாள்.

“நான் தோற்கவில்லை. எனக்குக் கொடுத்த எல்லாப் பரீட்சையிலும் தேறினேன். தெரியாத பரீட்சையில்கூட என்னைத் தேறவைத்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம். அதைச் சரியான நாளில் கொடுக்கத் தெரியாமல் தோற்றது இந்தப் பல்கலைக்கழகம். அதை இவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான் என் பேச்சு.”

சச்தேவா மெல்ல எழுந்தார். மைக்குக்கு வந்தார். ரோஹிணியின் தலையில் கைவைத்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தப் பெண் சொன்னது உண்மை” என்றார் ஹிந்தியில். “நாங்கள் தோற்றோம். துணைவேந்தராக நான் தோற்றேன். இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் தலைவணங்கி ஏற்கிறேன். தோல்வியை ஏற்கத் தெரிந்த நிறுவனம்தான் வளரும்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெற்றோர்கள் எழுந்து நின்றார்கள். ராஜலக்ஷ்மி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனுஷன்” என்றாள். ரோஹிணிக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார். ஜனவரியில் வேலை கிடைத்துவிடும். அந்தச் சமயத்தில் சச்தேவாவின் பையிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது. வைத்தி மேடைக்கு ஓடிவந்தார். பின்னாலிருந்த பெரிய திரையில் தங்க நிற ரப்பர் பந்து துள்ளியது. துணைவேந்தரிடம் இல்லாதிருந்த ஒரே பேட்ஜ் இன்று அவருக்குக் கிடைத்துவிட்டதாக வைத்தி அறிவித்தார். மறுபடியும் கைதட்டல்.

விழா முடிந்ததும் டீ கொடுக்கும் இடத்தில் ரோஹிணி சச்தேவாவைப் பிடித்துவிட்டாள். சேஷன் இரண்டடி பின்னால் நின்றார்.

“சார், நீங்கள் மேடையில் சொன்னதையே இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தால் போதும். என் வேலை திரும்பக் கிடைத்துவிடும்.”

சச்தேவாவின் சிரிப்பு அப்படியே நின்றது. வைத்தியை ஒரு பார்வை பார்த்தார். யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

வைத்தி ரோஹிணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “என்னம்மா, விவரம் தெரியாத பொண்ணா இருக்கியே. மேடைல ஒத்துண்டா பேட்ஜ் வரும். எழுத்துல ஒத்துண்டா கேஸ் வரும்.”

ரோஹிணியின் முகத்தைப் பார்த்ததும் சேஷன் முன்னால் வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த அதிகாரியிடமும் உயராத அவருடைய குரல் உயர்ந்தது.

“அப்போ கேஸே போடறோம் சார். கோர்ட்ல நீங்க தோத்தேள்னு தீர்ப்பு வாங்கிண்டுதான் வருவேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி.”

வைத்தியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு எதையோ யோசித்தார். மெல்ல மெல்ல அந்த முகம் மலர்ந்தது. சேஷனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தாராளமா போடுங்கோ சார். நாங்க தோத்தோம்னு கோர்ட்டே எழுதிக் கொடுத்துட்டா, வைஸ் சான்ஸலருக்கு ரப்பர் பந்து பேட்ஜ்ல லெவல் டூ.”